சிட்டுவின் சொந்தக் குரல்

ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் அவளை ‘ஒரே டேக் அக்கா’ என்று கூப்பிடுவார்கள். திரையில் அசையும் உதட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டு மைக் முன்னால் நின்றால் போதும். அழுகையோ சிரிப்போ சண்டையோ, முதல் தடவையிலேயே அச்சு வார்த்தது போல் உட்கார்ந்துவிடும். நாளடைவில் ‘ஒரே டேக்’ உதிர்ந்து ‘அக்கா’ மட்டும் நின்றது. அவளைவிட வயதில் மூத்த வாசல் காவலாளிகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அக்காவின் குரலைக் கேட்காதவர்கள் அந்த ஊரில் கிடையாது. அது அக்காவின் குரல் என்று தெரிந்தவர்களோ ஒரு சின்ன அறைக்குள் அடங்கிவிடுவார்கள். மற்ற எல்லோருக்கும் அது சிட்டுவின் குரல்.

சிட்டு பெரிய நடிகை. முதல் படத்தில் அவள் ஏற்ற பாத்திரத்தின் பெயர் அது. படம் ஓடிய ஓட்டத்தில் சொந்தப் பெயர் காணாமல் போய் அதுவே ஒட்டிக்கொண்டது. அந்தப் படத்தில் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேலாக சிட்டு வாயசைப்பாள், அக்கா பேசுவாள். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதே இல்லை. சிட்டு தன் வேலையை முடித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போன பிறகுதான் அக்காவுக்கு வேலை ஆரம்பிக்கும். சிட்டு யாருக்கும் பேட்டி கொடுக்க மாட்டாள். திமிர் பிடித்தவள் என்று பத்திரிகைகள் எழுதும். அக்காவும் வெளியில் மூச்சு விடக்கூடாது என்பது தொடக்கத்திலேயே பேசிக்கொண்ட விஷயம்.

ஒரு வருஷம், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கதறும் காட்சிக்காகவே சிட்டுவுக்குப் பெரிய பரிசு கிடைத்தது. “குரலிலேயே உயிரைப் பிழிந்துவிட்டார்” என்று மேடையில் வாசித்தார்கள். அக்காவின் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா பேர் இப்போது வரும், இதோ வரும் என்று டிவி முன்னால் காத்திருந்தாள். சிட்டு கிசுகிசுத்த குரலில் இயக்குநருக்கு நன்றி சொன்னாள், ஒளிப்பதிவாளருக்குச் சொன்னாள், தலைவாரிவிடும் பெண்ணுக்குக்கூடச் சொன்னாள். மகள் டிவியை அணைத்துவிட்டுப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்கா அந்த ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும் உப்பு போட மறந்துபோனாள்.

இத்தனையும் பழைய கதை. புதுக் கதை ஒரு சோப்பு விளம்பரத்தைப் பேசி முடித்த காலையில் ஆரம்பித்தது. ஒலிப்பதிவாளன் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?”

“கோச்சுக்கிற விஷயம்னா கோச்சுக்குவேன். சொல்லு.”

“சிட்டு மேடம் புதுப் படத்துக்கு அவங்களே பேசப் போறாங்களாம்.”

அக்கா சிரித்துவிட்டாள். “யார் குரல்ல?”

“அவங்க குரல்லதான்கா.”

“அவங்களுக்குன்னு ஒண்ணு இருக்கா என்ன?”

வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் அவன் சிரிக்கவில்லை, சுருட்டிய வயரை மறுபடி பிரித்துச் சுருட்ட ஆரம்பித்தான். அக்கா குடிக்க எடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் இருப்புக் கொள்ளவில்லை. துவைத்து மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தாள். பாத்திரங்களைக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள். ஜன்னலோர நாற்காலியைக் கதவோரம் போட்டாள். அங்கே காற்று வரவில்லை என்று மறுபடி ஜன்னலுக்கே இழுத்தாள்.

அவள் கணவர் முன்னறையில் பல் செட் செய்துகொண்டிருந்தார். ஊரில் பாதிக் கிழவர்கள் அவர் செய்த பல்லால்தான் மெல்லுகிறார்கள். அக்கம்பக்கத்தில் அவருக்கு ‘பல்லுக்காரர்’ என்றே பெயர். மேஜை முழுக்கப் பிளாஸ்டர் பல் அச்சுகள் ஈயென்று இளித்துக்கொண்டிருந்தன.

“ஏம்மா, அந்த நாற்காலி உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு? வந்ததிலிருந்து அதுக்கு ஒரு இடம் நிக்கலியே?”

“உங்களுக்கென்ன, உக்காந்த இடத்துல பல்லைத் தேச்சுக்கிட்டு இருக்கீங்க.”

“என்ன ஆச்சுன்னு சொல்லு.”

சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. “இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினவ நான். அவ காதலிச்சா நான் வெக்கப்படணும், அவ புருஷன் செத்தா நான் அழணும். இப்ப ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னாங்களா? என்னை என்ன கிள்ளுக்கீரைன்னு நினைச்சாங்களா?”

பல்லுக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். “நியாயமான பேச்சுதான். ஆனா இது எந்தப் படம்? கோர்ட்ல கூண்டுல நின்னு பேசுவியே, அதுவா?”

அக்கா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அவர் சொன்னது சரிதான். தூக்கலான தொடக்கம், நடுவில் ஒரு நிறுத்தம், முடிவில் நடுங்கும் மூச்சு, எல்லாம் அந்தப் படத்தில் அவளே போட்டது. கோபம் வந்தால் இப்படித்தான் வருகிறது. இதற்கு முன்னால் எப்படிக் கோபப்பட்டாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் படத்தின் இயக்குநர் தொலைபேசியில் கூப்பிட்டான். சின்ன வயது, பேச்சில் பணிவும் அவசரமும் கலந்திருந்தன.

“மேடம், சிட்டு மேடத்துக்கு டப்பிங் பழக்கமே இல்ல. அவங்க உதட்டுக்கே அவங்களால ஒட்ட முடியல. நீங்க கொஞ்சம் வந்து கத்துக் குடுக்கணும். அவங்கதான் உங்களைக் கேட்டாங்க.”

“குழியும் நானே வெட்டிக் குடுக்கணுமா தம்பி? முடியாது” என்று வைத்துவிட்டாள். வைத்த கையோடு அறைக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். சிட்டு கேட்டாளாமே! என்ன கேட்டாள், எப்படிக் கேட்டாள்? மகள் ஆபீஸிலிருந்து வந்ததும் அவளிடம் சொன்னாள். “போகாதேம்மா, உனக்கு மானம் ரோஷம் கிடையாதா?” என்று அவள் கத்தினாள். அது என்னவோ அக்காவுக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலையில் அவளே இயக்குநரைக் கூப்பிட்டு முகவரி வாங்கிக்கொண்டாள்.

சிட்டுவின் வீடு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. வேலையாள் யாராவது கதவைத் திறப்பார்கள் என்று நினைத்தாள். சிட்டுவே திறந்தாள். தலைமுடியை ரப்பர் பேண்டில் முடிந்திருந்தாள். வாசிக்கும் கண்ணாடி கழுத்தில் தொங்கியது. பெரிய கூடம். பரிசுகளை வரிசையாக வைத்திருப்பாள் என்று பார்த்தால், ஓடிப் பழகும் எந்திரமும் அதன் மேல் உலர்த்திய துண்டுகளும்தான் இருந்தன. உள்ளறையிலிருந்து ஏதோ பழைய படத்தின் வசனம் சத்தமாகக் கேட்டது. அக்கா பேசியதுதான்.

“வாங்க, உள்ள வாங்க. நடந்தா வந்தீங்க? வேர்த்திருக்கே” என்றாள் சிட்டு.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டைக் குரல். சரளைக் கல்லில் சைக்கிள் போவது போல ஒரு கரகரப்பு. அந்த வட்ட முகத்துக்கும் அந்தக் குரலுக்கும் ஒட்டவே இல்லை. யாரோ ஆள் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது, ஆள் மாற்றிப் போட்டது தன்னைத்தான் என்று.

மேஜையில் கணினியைத் திறந்து காட்சியை ஓடவிட்டார்கள். சிட்டு திரையில் தன் உதட்டை முறைத்துக்கொண்டு பேசினாள். ஒவ்வொரு முறையும் கால் வார்த்தை பிந்தியது.

“உதட்டைப் பாக்காதீங்க மேடம். தோளைப் பாருங்க. தோள் ஏறும்போது நீங்களும் மூச்செடுங்க, மத்ததெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும்.”

சிட்டு முயன்றாள். உதடு ஒட்ட ஆரம்பித்தது. ஆனால் வேறொன்று நடந்தது. பேசப் பேச அவள் குரலை மெலிதாக்கினாள், நுனியில் குழைத்தாள். இருபது வருஷம் தன் முகத்திலிருந்து வந்த குரலை அவளே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பொம்மை பேசியது போல இருந்தது. அக்கா திருத்தவில்லை. ‘பேசு தாயி, நல்லாப் பேசு, வேலை என்னைத் தேடி வீட்டுக்கே வரும்’ என்று உள்ளுக்குள் ஒரு குஷி. அந்தக் குஷி அவளுக்கே பிடிக்கவில்லை, ஆனால் இருந்தது.

“இந்த ஒரு வரி வரமாட்டேங்குது. நீங்க ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன்” என்றாள் சிட்டு.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள். “அம்மா, நான் வந்திருக்கேம்மா.”

உள்ளறையில் வசனம் சட்டென்று நின்றது. “பாப்பா? வந்துட்டியா பாப்பா?” என்று ஒரு முதிய குரல் கூப்பிட்டது.

சிட்டுவின் முகம் செத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“எங்க அம்மா. கண்ணு ரெண்டும் போயிடுச்சு. ஞாபகமும் முன்ன மாதிரி இல்ல. நாள் பூரா என் படம்தான் ஓடணும். நான் போய்ப் பேசினா, ‘யாரும்மா நீ, நர்ஸா? என் பொண்ணக் கூப்பிடு’ங்கறாங்க. இந்த வீட்டுல அவங்க பொண்ணு யாருன்னா, டிவிக்குள்ள பேசற நீங்கதான்.”

“பாப்பா!” மறுபடி குரல் வந்தது. இப்போது அதில் அழுகை தொட்டிருந்தது.

“போங்க. ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க” என்றாள் சிட்டு.

“நானா? வேணாம் மேடம்.”

“நான் போனா அழுவாங்க. போங்களேன்.”

அக்கா போனாள். கட்டிலில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்த அம்மா, வாசல் பக்கம் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாப்பிட்டியா பாப்பா?”

“சாப்பிட்டேம்மா.”

“பொய் சொல்லாத. உன் குரல் வாடிப் போயிருக்கு.” அவள் அக்காவின் உள்ளங்கையைத் தடவினாள். தடவிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். “கை ஏன் இப்படிக் காய்ச்சுக் கிடக்கு? பாத்திரம் தேய்க்க விடறாங்களா உன்னை?”

அக்கா திரும்பிப் பார்த்தாள். சிட்டு கதவு நிலையில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள். சொல்லிக்கொள்ளாமலேயே படியிறங்கி, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் நடந்துபோன பிறகுதான் தாண்டியதே தெரிந்தது.

அதற்கப்புறம் சிட்டு தன் பங்கைப் பேசி முடித்துவிட்டாள் என்று அக்கா கேள்விப்பட்டாள். கூடவே இயக்குநரின் அழைப்பும் வந்தது. போனபோது தயாரிப்பாளரும் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது அவருக்கு.

“படத்தை வாங்கறவங்களுக்குப் போட்டுக் காட்டினோம்மா. அவங்க முகத்துல ஈயாடல. சிட்டு வாயத் தொறந்தா கட்டையில அடிச்ச மாதிரி இருக்குங்கறாங்க. நீங்க ஒரு தடவை முழுசாப் பேசி வச்சிடுங்க. ஒரு பாதுகாப்புக்கு.”

“சிட்டு மேடத்துக்குத் தெரியுமா?”

இயக்குநர் தன் நகத்தைப் பார்த்தான். “இப்போதைக்குத் தெரிய வேண்டாம் மேடம். நல்ல நேரம் பாத்து நானே சொல்லிடறேன்.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் தன் உயரத்துக்கென்று இறக்கி வைத்த தாங்கி. கால் தானாக அங்கே போனது. பசித்தவள் சாப்பாட்டுக்கு உட்கார்வது போலத்தான் போய் நின்றாள். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

முதல் நாள் வேலை பறந்தது. காட்சிக்கு ஒரு டேக். ஒலிப்பதிவாளன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தான். இரண்டாம் நாள் மதியம் அந்தக் கதவுக் காட்சி வந்தது. வருஷக்கணக்காக வீட்டை எட்டிப் பார்க்காத மகள், மூடிய கதவுக்கு வெளியே நின்று அம்மாவைக் கூப்பிடுகிறாள். அம்மா திறக்கவில்லை. காட்சி அவ்வளவுதான்.

டப்பிங் பேசுகிறவர்களுக்குக் காதில், படப்பிடிப்பில் பதிந்த குரலைப் போடுவார்கள். அதற்கு பைலட் என்று பெயர். எந்த இடத்தில் எந்த வார்த்தை என்று தெரிவதற்காக. சிட்டுவின் பழைய பைலட்டுகள் அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வேறொருத்தி பேசத்தானே போகிறாள் என்று சிட்டு உப்புச் சப்பில்லாமல் கிசுகிசுத்து வைத்திருப்பாள், அவள் குரல் எப்படிப்பட்டது என்றே அதில் பிடிபடாது. சில படங்களில் வசனத்துக்குப் பதில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கூட வைத்திருக்கிறாள். அதன் மேல் அக்கா ஏறி நின்று உயிர் கொடுப்பாள். இந்தப் படத்துக்கோ சிட்டு டப்பிங் பேசி முடித்ததையே பைலட்டாகப் போட்டிருந்தார்கள். முதல் நாள் பேசியதெல்லாம் கடைத்தெரு, ஆபீஸ் என்று சின்னச் சின்னப் பேச்சு. பைலட்டில் என்ன இருக்கிறது என்று அவள் கவனிக்கவே இல்லை.

இப்போது ஹெட்போனில் அந்தக் கரகரத்த குரல் வந்தது. “அம்மா, நான் வந்திருக்கேம்மா.” வீட்டில் பொம்மை போலக் குழைத்துச் சொன்ன அதே வரி. இங்கே குழைவில்லை. ‘அம்மா’வில் பாதிதான் வெளியே வந்தது, மீதியைத் தொண்டை விழுங்கிவிட்டது. அடுத்த வார்த்தைக்கு முன்னால் மூச்செடுக்கக் கூடாத இடத்தில் ஒரு மூச்சு. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்பது போல இருந்தது.

அக்கா பேசினாள். சரியில்லை என்று அவளுக்கே தெரிந்தது. “இன்னொண்ணு போலாம்” என்றாள். ஒலிப்பதிவாளன் நிமிர்ந்து பார்த்தான். அவன் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. மறுபடி பேசினாள். அழுத்திப் பேசினாள், அடக்கிப் பேசினாள், அந்த விழுங்கலை அப்படியே பிடிக்கப் பார்த்தாள். ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. கேட்டால் கண்ணீர் வரும். ஆனாலும் அழகாக இருந்தது, அந்த அழகு கல் மாதிரி இடித்தது.

“அக்கா, சூப்பரா இருக்கு. போதும்கா” என்றான் ஒலிப்பதிவாளன்.

“போதாது.”

“எனக்கு ஓகேக்கா. டைரக்டரும் ஓகேங்கறார்.”

“எனக்குத்தான் ஓகே இல்லைங்கறேனே!” என்று கத்தினாள். கத்திய குரல் எந்தப் படத்திலும் இல்லாததாக இருந்தது. கீச்சென்று, பாதியில் பிசிறடித்து. அவளே திடுக்கிட்டாள். ஹெட்போனைக் கழற்றித் தாங்கியில் மாட்டிவிட்டு, இயக்குநர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

சிட்டுவை அவள் வீட்டுக்குக் கீழே, காரில் ஏறப் போகிற நேரத்தில் பிடித்தாள். மூச்சு வாங்கியது.

“மேடம், ஒரு விஷயம். உங்களுக்குத் தெரியாம என்னை வச்சு முழுசாப் பேச வைக்கறாங்க. நானும் ஒத்துக்கிட்டேன். பாதிக்கு மேல பேசிட்டேன்.”

சிட்டு கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். நன்றி சொல்வாள் என்று அக்கா எதிர்பார்த்தாளோ என்னவோ. சிட்டுவின் கண் சிவந்தது.

“பாதிக்கு மேல பேசிட்டு இப்ப சொல்ல வந்தீங்களாக்கும்? எங்க அம்மாவை எடுத்துக்கிட்டீங்க. இது ஒண்ணுதான் பாக்கி, இதையும் எடுத்துக்கங்க.”

“நான் எதை எடுத்துக்கிட்டேன்?” அக்காவுக்கும் ஏறிவிட்டது. “உங்க பேரை எடுத்துக்கிட்டேனா, பரிசை எடுத்துக்கிட்டேனா? அன்னைக்கு மேடையில தலைவாரி விட்டவங்களுக்கு எல்லாம் நன்றி சொன்னீங்க. எம் பொண்ணு டிவி முன்னால உக்காந்திருந்தா.”

டிரைவர் நாசூக்காகப் போய் அடுத்த காரின் டயரைப் பார்க்க ஆரம்பித்தார். 

“அன்னைக்கு நான் எப்படிப் பேசினேன்னு ஞாபகமிருக்கா?” என்றாள் சிட்டு. “ரகசியம் மாதிரி. வாயைத் தொறந்து பேசினா குட்டு உடைஞ்சிடும்னு மேனேஜர் பக்கத்துலயே நின்னார். உங்க பேரைச் சொன்னா எல்லாமே போயிடும்னாங்க. நானும் பயந்தாங்கொள்ளி, சொல்லல. வீட்டுக்கு வந்து பரிசைத் தூக்கிப் பரண்ல போட்டேன். அது எனக்குக் குடுத்ததில்லைன்னு எனக்குத் தெரியாதா?”

 “அந்தக் கதவுக் காட்சி” என்றாள் அக்கா. “அது எனக்கு வரல மேடம். எத்தனை தடவை போட்டும் வரல. நீங்க பேசினதுதான் சரி. அதைச் சொல்லத்தான் வந்தேன். வேற ஒண்ணுமில்ல.”

சிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நேராகப் போனது தயாரிப்பாளர் ஆபீஸுக்கு என்று ஒலிப்பதிவாளன் பிறகு சொன்னான். அக்கா பேசியதை அழிக்காவிட்டால் படத்தைப் பற்றி ஒரு மேடையிலும் நிற்க மாட்டேன், யார் பேசியது என்று ஊரறியச் சொல்வேன் என்று நின்றாளாம். சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம். “அந்தக் குரலுக்குக் கேக்கணுமா” என்றான்.

படம் வந்த வாரம் அக்காவும் பல்லுக்காரரும் பகல் காட்சிக்குப் போனார்கள். மகள் வர மறுத்துவிட்டாள். சிட்டு திரையில் வந்து வாயைத் திறந்ததும் அரங்கில் ஒரு சலசலப்பு. இரண்டாவது வசனத்தில் பின்னால் சிரித்தார்கள். யாரோ சைக்கிள் பெல் மாதிரி விசிலடித்தான். முன் வரிசையில் ஒரு தடித்த ஆள் பக்கத்தில் இருந்தவனிடம் உரக்கச் சொன்னான்.

“எவளையோ புடிச்சு டப்பிங் பண்ண வச்சிருக்கானுங்கடா. சிட்டு குரல் எப்படித் தேன் மாதிரி இருக்கும்! இவளைப் புடிச்சு உதைக்கணும்.”

அக்கா கையைப் பிசைந்தாள். சேலைத் தலைப்பை முறுக்கினாள். “சும்மா இரு” என்று பல்லுக்காரர் முணுமுணுத்தார். அந்த ஆள் மறுபடி ஏதோ சொல்லிச் சிரித்தான். அக்கா முன்னால் குனிந்தாள்.

“அது டப்பிங் இல்ல. அவங்களேதான் பேசறாங்க. பேசாம பாருங்க.”

அந்த ஆள் சண்டைக்குத் தயாராகத் திரும்பியவன், அப்படியே நின்றுவிட்டான். அக்காவைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி அக்காவைப் பார்த்தான். திறந்த வாய் மூடவில்லை. அவன் வரிசையே திரும்பியது.

“நீங்க... இந்தக் குரல்...”

“படத்தைப் பாருங்கன்னு சொன்னேன்.”

சிட்டு போலீஸ் அதிகாரியாக வந்த படத்தின் தோரணை தானாக வந்து விழுந்தது. வரிசை முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல முன்னால் திரும்பிக்கொண்டது. பல்லுக்காரர் இருமலுக்கு நடுவில் சிரிப்பை மென்று விழுங்கினார்.

சிரிப்பு ஒரேயடியாக அடங்கிவிடவில்லை. அங்கங்கே கிளம்பியது, தேய்ந்தது. கதவுக் காட்சி வந்தபோது மட்டும் அரங்கு இருந்த இடம் தெரியவில்லை. சிட்டு கூப்பிட்டாள். ‘அம்மா’வில் பாதி வந்தது, பாதி போனது. அக்காவின் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. பல்லுக்காரர் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்திருந்ததை வெளிச்சம் வந்த பிறகுதான் இருவரும் பார்த்தார்கள்.

படம் ஓஹோ என்று ஓடவில்லை, சுருண்டும் விழவில்லை. சில பத்திரிகைகள் தூக்கி வைத்து எழுதின, சில கிண்டலடித்தன. சிட்டு முதல் தடவையாக ஒரு பேட்டி கொடுத்தாள். அந்தக் கட்டைக் குரலில், இத்தனை நாள் தனக்குப் பேசியது யார் என்று அக்காவின் முழுப் பெயரைச் சொன்னாள். மகள் அதைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அக்காவுக்கு அதைக் கேட்க உட்கார முடியவில்லை. தொலைபேசி ஓயாமல் அடித்தது. “ஒரு வரி பேசிக் காட்டுங்க” என்று கேட்டவர்களிடம் எல்லாம் பல்லுக்காரரே எடுத்து, “அவங்க பல்லுவலின்னு படுத்திருக்காங்க, நான் வேணா பேசட்டுமா?” என்றார்.

ஒரு மதியம் சிட்டு கூப்பிட்டாள். “வர்றீங்களா? அம்மா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

அக்கா போனாள். இந்தத் தடவை இருவருமாக உள்ளறைக்குள் நுழைந்தார்கள். அம்மா படத்தின் சத்தத்தைக் குறைத்தாள்.

“பாப்பாவா?”

“ஆமாம்மா” என்றாள் சிட்டு.

“யாரது? நர்ஸா? பாப்பா எங்க?”

சிட்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா கட்டிலோரம் உட்கார்ந்தாள். 

“இது உங்க பொண்ணுதாம்மா” என்றாள். “முதல்ல பேசினது அவங்கதான்.”

“பாப்பா குரல் இந்தப் பக்கமில்ல கேக்குது?” அம்மாவின் கை அக்காவின் பக்கம் வந்தது. “அப்ப நீ யாரு?”

“நான் அவங்களுக்குப் பேசறவம்மா. படத்துல.”

அம்மாவுக்கு விளங்கியதா தெரியவில்லை. முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். சிட்டு இருந்த திசையில் முகத்தை வைத்து, “நீ ஏதாவது சொல்லு” என்றாள்.

 “என்னம்மா சொல்ல? மருந்து குடிச்சாச்சா? போர்வை போதுமா?” என்று சிட்டு உளறினாள்.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். “இவர் இப்படித்தான் பேசுவார்” என்றாள் மெதுவாக. “பாப்பாவோட அப்பா. கட்டை வண்டி ஓட்டற மாதிரி. வாசல்லயே கேக்கும்.” கொஞ்சம் பொறுத்து, “இன்னும் பேசு” என்றாள்.

சிட்டு பேசினாள். என்ன பேசுகிறாள் என்று அவளுக்கே தெரியாமல், வானிலையைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி, ஓடும் எந்திரம் கெட்டுப்போனதைப் பற்றி. அம்மா அவளைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. ஆனால் கையை விடவும் இல்லை.

அக்காவுக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து கூடத்துக்கு வந்தாள். ஜன்னல் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள். உள்ளேயிருந்து அந்தக் கரகரத்த குரல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. எந்திரத்தின் மேல் காய்ந்துகிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, மடிக்க ஆரம்பித்தாள்.